புள்ளியிடமே கேளுங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு கட்டடத்துக்கு பைல் வேலை. நான் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரம். மொத்தம் 212 பைல்கள். ஒவ்வொரு பைலின் மையத்துக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள் எழுத வேண்டும்: கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு. ஆட்டோகேடில் ஒவ்வொரு மையத்தையும் சொடுக்கி, அடியில் தெரியும் ஆயத்தொலைவைப் படித்து, அதைக் கையால் தட்டச்சு செய்தேன். மூன்று நாள் ஆயிற்று.

நான்காம் நாள், பக்கத்து மனைக்கு விட வேண்டிய இடைவெளி போதவில்லை என்று கட்டடத்தை 600 மில்லிமீட்டர் கிழக்கே தள்ளச் சொன்னார்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே கட்டளையில் நகர்த்தினேன். வட்டங்கள் நகர்ந்தன, அம்புக்குறிகள் நகர்ந்தன, எழுத்துகளும் கூடவே போயின. ஆனால் அந்த எழுத்துகள் சொன்ன எண்கள் பழைய இடத்தின் எண்கள். இது எனக்கு உறைக்கவே இல்லை. பிரிண்ட் போய்விட்டது.

சர்வேயர் டோட்டல் ஸ்டேஷனை நிறுத்தி, என் எண்களின்படி முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனார். நல்லவேளை, அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் காம்பவுண்டுச் சுவரிலிருந்து டேப் பிடித்துப் பார்ப்பார். சாயங்காலம் போன் வந்தது: “தம்பி, உன் டிராயிங்ல படம் ஒண்ணு சொல்லுது, நம்பர் ஒண்ணு சொல்லுது. நான் யார் பேச்சைக் கேக்கிறது?” துளையிடும் ரிக் மறுநாள் காலைதான் வருவதாக இருந்தது. ஓர் இரவு இடைவெளியில் தப்பித்தோம்.

அந்தக் கேள்வியை இத்தனை ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே தாளில் படமும் எண்ணும் எப்படி வெவ்வேறு கதை சொல்ல முடிந்தது?

காரணம் எளிது. வட்டத்தின் மையம் எங்கே இருக்கிறது என்பது வரைபடக் கோப்புக்கு நன்றாகத் தெரியும். எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று எண்களாக, ஒவ்வொன்றும் 64 பிட் நீளத்தில், ஏறத்தாழ 15 இலக்கத் துல்லியத்தோடு அது சேமிக்கப்பட்டிருக்கிறது. வட்டத்தை நகர்த்தினால் அந்த எண்கள் மாறுகின்றன. நான் பக்கத்தில் தட்டச்சு செய்த எண் அப்படிப்பட்டதல்ல. கணினிக்கு அது ஒரு சொல். “வரவேற்பறை” என்று எழுதியிருந்தாலும் அதற்கு ஒன்றுதான். அந்தச் சொல்லுக்கும் அருகிலிருக்கும் வட்டத்துக்கும் உறவு இருப்பதாக நினைத்தது என் தலைக்குள் மட்டுமே. கோப்பில் அந்த உறவு எங்கும் எழுதப்படவில்லை.

உறவையே கோப்பில் எழுத முடியும் என்பது புதிய எண்ணம் இல்லை. 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலை உருவாக்கினார். திரைமேல் ஒளிப்பேனாவால் வரையும் அந்த நிரலில் கோடுகள் மட்டும் இல்லை. கோடுகளுக்கு இடையிலான கட்டுப்பாடுகளும் இருந்தன. இந்த இரண்டும் இணையாக இருக்க வேண்டும், இந்த மூலைகள் ஒட்டியே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், ஒன்றை நகர்த்தும்போது மற்றது தானே சரிசெய்துகொள்ளும். ஒரு மூல உருவத்தை மாற்றினால் அதன் பிரதிகள் எல்லாம் மாறும். இன்று ‘பிளாக்’ என்கிறோமே, அதன் பாட்டன் அது. பிறகு 1979-இல் டேன் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் இருவரும் ‘விசிகால்க்’ என்ற விரிதாள் நிரலைக் கொண்டுவந்தார்கள். ஒரு கட்டத்தில் எண்ணை எழுதாமல் சூத்திரத்தை எழுதலாம் என்பதைக் கணக்குப்பிள்ளைகள் கண்டுகொண்டது அதில்தான். 1982-இல் ஆட்டோகேட் வந்தது. ஆனால் வரைபடத்தின் எழுத்துக்குள்ளேயே உயிருள்ள மதிப்பை வைக்கும் ‘ஃபீல்டு’ வசதி ஆட்டோகேட் 2005 பதிப்பில்தான் வந்துசேர்ந்தது. சதர்லேண்டின் உறவும் பிரிக்லினின் சூத்திரமும் ஓர் எளிய எழுத்து வரிக்குள் சந்திக்க அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

ஃபீல்டு என்பது அடிப்படையில் ஒரு கேள்வி. சாதாரண எழுத்தில் “420018.450” என்ற பதில் இருக்கும். ஃபீல்டில் “இந்த அடையாள எண் கொண்ட பொருளே, உன் செருகுப்புள்ளி எங்கே?” என்ற கேள்வி இருக்கிறது, திரையில் தெரிவது அதற்குக் கடைசியாகக் கிடைத்த பதில். வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் கணினி ஓர் அடையாள எண் கொடுத்திருக்கிறது. கேள்வி அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். வட்டத்திடம் மையத்தைக் கேட்கலாம், ஆரத்தைக் கேட்கலாம். மூடிய கோட்டிடம் பரப்பளவைக் கேட்கலாம்.

பதில் எப்போது புதுப்பிக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். வட்டத்தை நகர்த்திய அந்தக் கணமே லேபிள் மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கோப்பைத் திறக்கும்போது, சேமிக்கும்போது, பிரிண்ட் எடுக்கும்போது, பொட்டலம் கட்டி அனுப்பும்போது, ‘ரீஜென்’ கட்டளை கொடுக்கும்போது என்று ஐந்து சந்தர்ப்பங்கள் உண்டு. இவற்றில் எவை வேண்டும் என்பதை ஒரே ஓர் எண்ணால் சொல்கிறார்கள்: 1, 2, 4, 8, 16 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு, ஐந்தும் வேண்டுமென்றால் கூட்டுத்தொகை 31. இரட்டிப்பாகப் போகும் எண்களைக் கூட்டினால், எந்தக் கூட்டுத்தொகையும் ஒரே ஒரு வழியில்தான் கிடைக்கும். 21 என்று பார்த்தால் 16, 4, 1 என்று குழப்பமில்லாமல் பிரித்துவிடலாம். ஈரடிமான எண்களின் அழகு இது. புள்ளியில் எந்தப் பகுதியைக் காட்ட வேண்டும் என்பதற்கும் இதே உத்திதான்: எக்ஸுக்கு 1, ஒய்க்கு 2, இசட்டுக்கு 4. 3 என்று எழுதினால் எக்ஸும் ஒய்யும் சேர்ந்து வரும்.

திரையில் ஃபீல்டின் பின்னால் ஒரு சாம்பல் நிறப் பட்டை தெரியும். பிரிண்டில் வராது. பலர் கண்ணை உறுத்துகிறது என்று அதை அணைத்து வைக்கிறார்கள். அணைக்காதீர்கள். எந்த எண் உயிரோடு இருக்கிறது, எதை யாரோ கையால் எழுதிவைத்தார் என்று ஒரே பார்வையில் காட்டும் அடையாளம் அது ஒன்றுதான். கேள்வி கேட்கப்பட்ட பொருளையே யாராவது அழித்துவிட்டால், எண் இருந்த இடத்தில் நான்கு வேலிக்குறிகள் வந்து நிற்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் நேர்மையான பதில். நான் தட்டச்சு செய்த எண்கள் அப்படி ஒருநாளும் ஒப்புக்கொண்டிருக்காது.

பதில் கிடைத்துவிட்டது. அதை எப்படி அச்சிடுவது என்பது அடுத்த வேலை. பலர் இதை அலங்காரம் என்று நினைத்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

முதலில் தசம இலக்கம். மீட்டரில் எழுதும்போது மூன்று தசம இலக்கம் என்றால் மில்லிமீட்டர் வரை. டோட்டல் ஸ்டேஷன் வைத்து முளை அடிக்கும் வேலைக்கு அதற்குமேல் எழுதுவதில் பயனில்லை. ஆறு இலக்கம் போட்டால் துல்லியம் கூடிவிடாது, படிப்பவருடைய தவறுதான் கூடும். அதேபோல் கடைசியில் வரும் பூஜ்யங்களை மறைக்கும் வசதியும் உண்டு. 18.450 என்பது 18.45 ஆகிவிடும். அந்தப் பூஜ்யம் வெறும் பூஜ்யம் இல்லை. “மில்லிமீட்டர் வரை பார்த்தேன், அங்கே ஒன்றுமில்லை” என்று அது சொல்கிறது. அதை மறைத்துவிட்டால், சென்டிமீட்டர் வரைதான் பார்த்தார்களோ என்ற சந்தேகம் தளத்தில் எழும். பூஜ்யங்கள் இருக்கட்டும்.

மூன்று இலக்கத்தோடு நிறுத்துவதில் ஒரு சின்ன சங்கடம் இருக்கிறது. 10 மீட்டர் நீளத்தை மூன்று சம பாகமாகப் பிரித்து நான்கு பைல்கள் வைக்கிறீர்கள் என்று வையுங்கள். லேபிள்கள் 100.000, 103.333, 106.667, 110.000 என்று வரும். கழித்துப் பார்த்தால் இடைவெளி 3.333, 3.334, 3.333. “நடுவில் மட்டும் ஏன் ஒரு மில்லி கூட?” என்று தளத்திலிருந்து கேள்வி வரும். யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வோர் எண்ணும் தனித்தனியே முழுமையாக்கப்பட்டது. வித்தியாசத்தைப் பற்றி எந்த எண்ணுக்கும் கவலையில்லை. இதைத் தவிர்க்க வேண்டுமென்றால் வடிவமைப்பிலேயே இடைவெளிகளை முழு மில்லிமீட்டரில் வைக்க வேண்டும். லேபிளைத் திருத்திச் சரிக்கட்டக் கூடாது.

அடுத்தது கமா. ஃபீல்டில் ஆயிரங்களைப் பிரிக்கும் குறியைத் தேர்ந்தெடுக்கலாம். உள்ளே அது 44 என்ற எண்ணாக எழுதப்படும். கணினி எழுத்துகளுக்கான ஆஸ்கி பட்டியலில் கமாவின் எண் அது. தசமப் புள்ளிக்கு 46. கமா போட்டால் 1,431,007.325 என்று வரும். நாம் லட்சக் கணக்கில் 14,31,007.325 என்று படித்துப் பழகியவர்கள் என்பது ஒரு புறம். உண்மையான ஆபத்து வேறு. ஆயத்தொலைவுப் பட்டியலை டோட்டல் ஸ்டேஷனுக்குள் ஏற்றும்போது அது பெரும்பாலும் கமாவால் பிரிக்கப்பட்ட கோப்பாகப் போகிறது. அங்கே அந்த ஒரே எண் 1 என்றும் 431 என்றும் 007.325 என்றும் மூன்று எண்களாக உடையும். ஆயத்தொலைவு லேபிளில் கமா வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, எக்ஸ், ஒய் என்று எழுதுவதா, ஈஸ்டிங், நார்த்திங் என்று எழுதுவதா? ஆட்டோகேடில் எக்ஸ் வலப்பக்கம் போகும், அதாவது வழக்கமான வரைபடத்தில் கிழக்கே. ஆனால் எல்லா நாட்டு நில அளவையாளர்களும் அப்படி வைக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் பழைய தேசியக் கட்டமைப்பில் ஒய் கிழக்கு, எக்ஸ் வடக்கு. அதனால் எழுத்துகளை நம்பாமல் திசையின் பெயரையே முன்னொட்டாக வைப்பதுதான் பாதுகாப்பு. ஃபீல்டின் வடிவமைப்புச் சாளரத்தில் முன்னொட்டுக்கும் பின்னொட்டுக்கும் தனி இடம் இருக்கிறது.

இனிச் சூத்திரம். ஏன் தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, எண்கள் எவ்வளவு பெரியவை என்று முதலில் பார்க்க வேண்டும்.

உலகம் முழுதும் பயன்படும் யு.டி.எம். முறையில் பூமியை ஆறு பாகை அகலமுள்ள மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு மண்டலத்தின் நடுத் தீர்க்கரேகைக்கும் ஈஸ்டிங் 500000 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள், எங்கும் கழித்தல் குறி வரக் கூடாது என்பதற்காக. நார்த்திங் பூமத்தியரேகையிலிருந்து தொடங்குகிறது. சென்னை 44-ஆம் மண்டலத்தில் இருக்கிறது. நகரத்தில் ஈஸ்டிங் ஏறத்தாழ 4 லட்சத்து 20 ஆயிரம் மீட்டர், நார்த்திங் 14 லட்சம் மீட்டருக்கு மேல். கோயம்புத்தூரோ 43-ஆம் மண்டலம். இரண்டு மண்டலங்களையும் பிரிக்கும் 78 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே ஓடுகிறது. அந்தக் கோட்டில் நிற்கும் ஒரே புளியமரத்துக்கு ஒரு மண்டலக் கணக்கில் ஈஸ்டிங் 1,71,000 மீட்டருக்கு அருகிலும் மறு மண்டலக் கணக்கில் 8,29,000 மீட்டருக்கு அருகிலும் வரும். இரண்டையும் கூட்டினால் சரியாகப் பத்து லட்சம். மரம் ஒன்றுதான், விலாசம் இரண்டு.

இப்படிப்பட்ட எண்களைக் கட்டட வரைபடத்துக்குள் அப்படியே கொண்டுவந்தால் சிக்கல். கட்டட வரைபடங்கள் நம்மிடம் பெரும்பாலும் மில்லிமீட்டரில் வரையப்படுகின்றன. 14 லட்சம் மீட்டர் என்பது 140 கோடி மில்லிமீட்டர். கோப்புக்குள் 64 பிட் எண் இதைத் தாங்கும்; அங்கே அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஆனால் திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கணக்குகள் பெரும்பாலும் 32 பிட்டில் நடக்கின்றன. 140 கோடி என்ற எண்ணை அப்படியே 32 பிட்டில் அடைத்தால் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடைவெளி 128 மில்லிமீட்டர், சுமார் ஐந்து அங்குலம். ஆதிப்புள்ளியிலிருந்து வெகு தூரத்தில் வரையப்பட்ட படங்களில் வட்டம் பலகோணமாகத் தெரிவதும், கோடுகள் நடுங்குவதும், ஹேட்ச் நிரம்ப மறுப்பதும் இந்த மாதிரிக் காரணங்களால்தான்.

அதனால் கட்டடத்தை ஆதிப்புள்ளிக்குப் பக்கத்திலேயே மில்லிமீட்டரில் வரைந்துகொண்டு, நிலத்தின் உண்மையான ஆயத்தொலைவை லேபிளில் மட்டும் காட்டுவது நல்ல வழக்கம். அதற்குத்தான் சூத்திர ஃபீல்டு. ஒரு கேள்வியை இன்னொரு கேள்விக்குள் வைக்கலாம் என்பதுதான் இதன் மந்திரம். உள்ளே “உன் எக்ஸ் என்ன?” என்ற கேள்வி. வெளியே “அதை 1000-ஆல் வகுத்து, 420000-ஐக் கூட்டு” என்ற கணக்கு. எக்ஸ் 18450 என்றால் லேபிளில் 420018.450 என்று வரும். ஒய்க்கு 1431000-ஐக் கூட்டினால், 7325 என்ற மதிப்பு 1431007.325 ஆகும். அலகு மட்டும் மாற வேண்டும், இடமாற்றம் வேண்டாம் என்றால் சூத்திரமே தேவையில்லை; வடிவமைப்புச் சாளரத்தில் மாற்றுக் காரணியாக 0.001 கொடுத்தால் போதும். கூட்டல் வந்துவிட்டால்தான் சூத்திரம்.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் ஒரு கல் இருக்கிறது. உள்கேள்விக்கும் தனி வடிவமைப்பு உண்டு, வெளிக்கணக்குக்கும் தனி வடிவமைப்பு உண்டு. உள்ளே ஒரு புள்ளி முழுதாக வரக் கூடாது. எக்ஸ் மட்டும் வர வேண்டும், ஏனென்றால் மூன்று எண்களை வைத்து ஒரு கூட்டல் போட முடியாது. உள்ளே தசம முறை, போதிய இலக்கங்கள், கமா கிடையாது. முழுமையாக்குவது, முன்னொட்டு, அழகு எல்லாம் வெளியே. சமையலில் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுவதுபோல, முழுமையாக்குவதைக் கடைசிப் படியில் ஒரே ஒருமுறை மட்டும் செய்ய வேண்டும்.

சூத்திர ஃபீல்டுக்குத் தெரிந்த கணிதம் கொஞ்சம்தான்: கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அடுக்கு, அடைப்புக்குறி. ஆனால் அதை வைத்தே தூரம் போகலாம். மனை வடக்குக்குச் சாய்ந்து கிடக்கிறது, கட்டடத்தை நேராக நிமிர்த்தி வரைந்திருக்கிறோம் என்று கொள்ளுங்கள். சாய்வு 12 பாகை, இடஞ்சுழியாக. ஈஸ்டிங்குக்கு எக்ஸைக் கொசைனால் பெருக்கி, ஒய்யைச் சைனால் பெருக்கியதைக் கழித்து, ஆரம்ப எண்ணைக் கூட்ட வேண்டும். சைன், கொசைன் சூத்திரத்துக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை, கோணம் மாறப்போவதில்லை. கொசைன் 0.97814760, சைன் 0.20791169 என்று ஒருமுறை கணக்கிட்டு மாறிலிகளாக எழுதிவிடலாம்.

எத்தனை இலக்கம் எழுதுகிறோம் என்பதில் சோம்பல் கூடாது. கொசைனை 0.978 என்று மூன்று இலக்கத்தோடு வெட்டினால், 500 மீட்டர் தள்ளியிருக்கும் பைல் 7 சென்டிமீட்டருக்கு மேல் பிசகும். எட்டு இலக்கம் எழுதினால் பிசகு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஐந்து விசைகளை அதிகமாகத் தட்டுவதன் பலன் அது.

இன்னொரு பெருக்கலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது தூரங்கள் கொஞ்சம் சுருங்கும் அல்லது நீளும். யு.டி.எம். முறையில் மண்டலத்தின் நடுக்கோட்டில் அளவுக்காரணி 0.9996. சென்னை நடுக்கோட்டிலிருந்து 80 கிலோமீட்டர் அளவுக்கு மேற்கே இருப்பதால் அங்கே ஏறத்தாழ 0.99968. தரையில் ஒரு கிலோமீட்டர் டேப் பிடித்தால், யு.டி.எம். எண்களில் அது சுமார் 32 சென்டிமீட்டர் குறைவாக இருக்கும். சின்ன வீட்டுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. 400 மீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கு 13 சென்டிமீட்டர். தூண்கள் ஒரு கணக்கிலும் மேலே வைக்கும் கர்டர்கள் இன்னொரு கணக்கிலும் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் காரணியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதைச் சர்வேயரும் வடிவமைப்பாளரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். முடிவானதும் சூத்திரத்தில் ஒரு பெருக்கலாக அது உட்கார்ந்துகொள்ளும். எந்த அனுமானத்தில் எண் வந்தது என்று நாளை யாராவது கேட்டால், ஃபீல்டைத் திறந்து காட்டலாம். யாருடைய நினைவையும் நம்பியிருக்க வேண்டாம்.

212 பைல்களுக்கும் தனித்தனியே கேள்வி எழுதுவதா? தேவையில்லை. அங்கேதான் பிளாக் உதவிக்கு வருகிறது. பைலின் வட்டத்தை ஒரு பிளாக்காகச் செய்து, அதற்குள் இரண்டு அட்ரிபியூட் வைத்து, பிளாக் எடிட்டருக்குள் இருந்துகொண்டு அவற்றில் ஃபீல்டை எழுத வேண்டும். கேள்வி ஒரு குறிப்பிட்ட பொருளை நோக்கிப் போகாமல், ‘நான் எந்த பிளாக்குக்குள் இருக்கிறேனோ, அதன் செருகுப்புள்ளி’ என்று போகும். இதற்கென்றே ஓர் இடப்பிடிப்பான் பட்டியலில் இருக்கிறது. ஒருமுறை எழுதிவிட்டால், எத்தனை முறை செருகினாலும் நகலெடுத்தாலும் ஒவ்வொரு பைலும் தன் இடத்தைத் தானே சொல்லும். இப்படிச் செய்யாமல், ஒரு வட்டத்தைச் சுட்டும் தனி லேபிளை மட்டும் நகலெடுத்து அடுத்த வட்டத்தின் பக்கத்தில் ஒட்டினால், அது பழைய வட்டத்தின் இடத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். சாம்பல் பட்டையோடு, உயிரோடு, தப்பாக. கையால் எழுதிய தவறைவிட இது மோசம். பட்டையைப் பார்த்து நம்பிவிடுவோம்.

இதையெல்லாம் லிஸ்ப் நிரல் எழுதிச் செய்யலாமே என்று மூத்தவர்கள் கேட்பார்கள். செய்யலாம், பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். ஆனால் பல நிரல்கள் அந்த நிமிடத்து எண்ணை எழுதிவிட்டுப் போய்விடும்; நான் மூன்று நாளில் செய்ததை மூன்று நொடியில் செய்யும், அவ்வளவே. படம் நகர்ந்தால் மறுபடி ஓட்ட வேண்டும். தவிர, சிறிய அலுவலகங்கள் வாங்கும் மலிவான ஆட்டோகேட் எல்.டி.யில் 2024 பதிப்பு வரும்வரை லிஸ்ப் ஓடவே இல்லை. ஃபீல்டு அங்கேயும் வேலை செய்தது.

சூத்திரத்தைப் பற்றி இவ்வளவு நல்லது சொன்ன பிறகு, அதன் ஆபத்தையும் சொல்வதுதான் முறை. ஆபத்து இரண்டு.

முதலாவது, சூத்திரம் தவறானால் எல்லாம் தவறாகும். ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே ரைன் நதிமேல் லௌஃபென்பர்க்கில் ஒரு பாலம் கட்டினார்கள். ஜெர்மனி தன் உயரங்களை வடகடலின் மட்டத்திலிருந்து அளக்கிறது. சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலின் மட்டத்திலிருந்து. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம். இது பொறியாளர்களுக்குத் தெரியும். கணக்கில் சேர்க்கவும் செய்தார்கள். ஆனால் கூட்ட வேண்டிய பக்கம் கழித்துவிட்டார்கள். 2003-இல், கட்டுமானத்தின் நடுவே, இரு கரைகளும் 54 சென்டிமீட்டர் பொருந்தவில்லை என்று தெரிந்தது. எண் சரி, குறி தப்பு. ஒரு தரப்பைத் திருத்திக் கட்ட வேண்டியதாயிற்று. நம் சூத்திர ஃபீல்டில் ஒரு கூட்டல் குறி மாறினால் 212 பைல்களும் ஒரே மாதிரி, ஒழுங்காக, சந்தேகமே வராதபடி தப்பாகும். எனவே சூத்திரத்தை எழுதியதும், நிலத்தில் ஆயத்தொலைவு தெரிந்த ஏதாவது ஒரு கல்லின்மேல் அதே பிளாக்கைச் செருகிப் பார்க்க வேண்டும். ஒரு புள்ளி போதாது. தூரமாக இரண்டாவது ஒன்று வேண்டும். இடமாற்றத் தவறை முதல் புள்ளி காட்டும், சுழற்சித் தவறையும் அளவுக்காரணித் தவறையும் இரண்டாவதுதான் காட்டும்.

எண் எந்தக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்று குழம்பிவிடுமோ என்ற பயமும் உண்டு. சுவிட்சர்லாந்துக்காரர்கள் அதை எண்ணிலேயே தீர்த்தார்கள். அவர்களுடைய பழைய கட்டமைப்பில் பெர்ன் நகரின் மூலப்புள்ளிக்கு 600000, 200000 என்று எண்கள். 1995-இன் புதிய கட்டமைப்பில் அதே புள்ளிக்கு 2600000, 1200000 ஆக்கினார்கள். எண்ணின் இலக்கங்களைப் பார்த்தவுடன் பழசா புதிதா என்று தெரிந்துவிடும். இலங்கையிலும் அப்படித்தான்: பிதுருதலாகலை மலையுச்சிக்குப் பழைய கட்டமைப்பில் 200000, 200000, புதியதில் 500000, 500000. ஓர் எச்சரிக்கை: பழையதோடு ஒரு முழு எண்ணைக் கூட்டினால் புதியது ஏறத்தாழத்தான் வரும். சுவிட்சர்லாந்தில் அந்தப் பிசகு சில இடங்களில் ஒன்றரை மீட்டரை எட்டுகிறது. கட்டமைப்பு மாற்றத்தை ஃபீல்டின் ஒரு கூட்டலில் முடித்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இரண்டாவது ஆபத்தைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. எனக்கு இதுதான் பெரியதாகப் படுகிறது. என் பழைய தவறு எப்படிப் பிடிபட்டது? படம் ஒன்று சொன்னது, எண் வேறொன்று சொன்னது. இரண்டு சாட்சிகள் முரண்பட்டதால் பிடிபட்டது. ஃபீல்டு வந்த பிறகு அந்த முரண்பாடு வரவே வராது. யாருடைய கையாவது பட்டு ஒரு பைல் 300 மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டால், அடுத்த ரீஜெனில் லேபிளும் சத்தமில்லாமல் அந்தத் தவறான இடத்தையே சொல்லும். இரண்டு சாட்சிகள் இருந்த இடத்தில் ஒரே சாட்சி இரண்டு குரலில் பேசுகிறது.

நில அளவையில் இதற்குப் பழைய பாடம் இருக்கிறது. வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னையில் பரங்கிமலையின் அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு உள்நாட்டுக்குள் போனார். கணக்கு ஒன்றோடொன்று பொருந்துகிறதே என்று அவர் நிம்மதியாக இருந்துவிடவில்லை. 1804-இல் பெங்களூர் பக்கம் இன்னொரு கோட்டைத் தனியே தரையில் அளக்கச் செய்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டார். வித்தியாசம் சில அங்குலங்கள்தான். கணக்கைச் சரிபார்க்க அந்தக் கணக்கிலிருந்து பிறக்காத இன்னோர் அளவு வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வரைபடத்தில் அதற்கு ஈடாகச் செய்யக்கூடியது இதுதான். பைல் அமைப்பு இறுதியான நாளில் எல்லா ஆயத்தொலைவுகளையும் தரவு எடுக்கும் கட்டளையால் ஒரு பட்டியலாக வெளியே எடுத்து, தேதி போட்டு, வேறு இடத்தில் உறைய வைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை பிரிண்ட் வெளியே போகும் முன்பும் மறுபடி எடுத்து, எக்செலில் பழையதோடு கழித்துப் பாருங்கள். மாறியிருக்க வேண்டியவை மட்டும் மாறியிருக்கின்றனவா என்பது அப்போது தெரியும். பைல் லேயரைப் பூட்டி வைப்பதும் நல்லது.

சிலர் வெளியீட்டுக்கு முன் எல்லா ஃபீல்டுகளையும் சாதாரண எழுத்தாக மாற்றிவிடுகிறார்கள், இனி மாறாமல் இருக்கட்டும் என்று. எனக்கு அது உடன்பாடில்லை. பிரிண்டும் பி.டி.எஃப்.பும் தாமாகவே உறைந்தவை. மூலக் கோப்பையும் உறைய வைத்தால் அடுத்த திருத்தத்தில் நான் மாட்டிக்கொண்ட இடத்திலேயே அடுத்தவரும் மாட்டிக்கொள்வார்.

அந்த சர்வேயர் அண்ணன் ஓய்வு பெறுவதற்கு முன் இன்னொரு தளத்தில் அவரோடு வேலை செய்தேன். ஃபீல்டு போட்ட டிராயிங்கைத் திரையில் காட்டி, ஒரு வட்டத்தை இழுத்து, ரீஜென் கொடுத்தேன். எண் மாறியதைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு வெளியே போய், காம்பவுண்டுச் சுவரில் டேப்பின் நுனியை வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

இதைப் படிக்கும் டிராஃப்ட்ஸ்மேன்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக் காலை, இப்போது வேலை நடந்துகொண்டிருக்கும் ஒரு தளத்தின் செட்டிங்-அவுட் டிராயிங்கைத் திறந்து ரீஜென் கொடுங்கள். சாம்பல் பட்டை இல்லாத ஆயத்தொலைவுகளை எண்ணுங்கள். அந்த எண்களை அந்தந்தப் புள்ளிகளிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகு தளத்துக்குப் போன் செய்யுங்கள்.